கதைப் புத்தகத்தில் வரும் கடவுளை நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பங்குக் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது. புனிதர் வரலாறு, செபப் புத்தகம், நாவல், யாரோ வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்துவிட்டுப் போனவை என்று எல்லாம் கலந்து கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அதைத் திறந்து வைப்பது என் வேலை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் என் பொறுப்புதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும்போது பீரோ பாதி காலியாகிவிடும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் செல்போனிலேயே படித்துவிட்டு வந்து சந்தேகம் மட்டும் கேட்பார்கள்.

சந்தேகங்கள் வருடா வருடம் ஒரே மாதிரி வருகின்றன. அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்வியை எழுதி, நான் சொன்ன பதிலையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

"கதைப் புத்தகம் படிக்கிறதே பாவம்னு எங்க அப்பத்தா சொல்லுது டீச்சர். நெசமா?"

பாவம் இல்லை. ஆண்டவர் இயேசுவே கதை சொன்னவர்தான். உவமை இல்லாமல் அவர் மக்களிடம் பேசியதில்லை என்று மாற்கு 4:34 சொல்கிறது. ஊதாரி மைந்தன் எந்த ஊர்க்காரன், அவன் அண்ணன் பெயர் என்ன என்று சீடர்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஏதென்சில் பேசும்போது பவுல் கிரேக்கக் கவிஞர் அராத்துவின் வரி ஒன்றை எடுத்துச் சொன்னார் (திருத்தூதர் பணிகள் 17:28).

ஆனால் அப்பத்தாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. உண்மைக்குச் செவி கொடுக்காமல் புனைகதைகள் பக்கம் போய்விடுவார்கள் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதம் (4:4) எச்சரிக்கிறது. அந்த வசனத்தை வைத்துத்தான் அவர் பேசுகிறார். அவரோடு சண்டை போடாமல், ராத்திரி ஒரு உவமையை வாசித்துக் காட்டுங்கள்.

"படிக்கலாம்னா, அதுல வர்றத நம்பலாம்தானே?"

எதை நம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: நந்தினி யார்? உடனே பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. நந்தினி அதில் இல்லை, அவள் கல்கியின் கற்பனை. இருந்தாலும் பழிவாங்கும் வெறி ஒரு மனுசியை எப்படித் தின்னும் என்பதை நந்தினியிடம் கற்றுக்கொள்ளலாம். சோழர் வரலாற்றை அவளிடம் கற்றுக்கொள்ள முடியாது.

விவிலியத்திலேயே இதற்கு ஒரு நல்ல இடம் உண்டு. தாவீது அரசர் உரியாவைச் சாகக் கொடுத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்டபின், இறைவாக்கினர் நாத்தான் வந்து ஒரு கதை சொல்கிறார். ஒரு ஏழை, அவனிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, அவன் தட்டிலேயே சாப்பிட்டு அவன் மடியிலேயே தூங்கும் குட்டி. அதைப் பணக்காரன் ஒருவன் பிடுங்கி விருந்தாளிக்குச் சமைத்துவிட்டான். தாவீது கொதித்து எழுகிறார். "நீயே அந்த மனிதன்" என்கிறார் நாத்தான் (2 சாமுவேல் 12). அந்த ஆடு உலகத்தில் எங்கேயும் இருந்ததில்லை. தாவீதின் பாவம் இருந்தது. நல்ல கதை நம்மைப் பற்றிய உண்மையை இப்படி வெளியே இழுத்துப் போடும். ஆனால் கடவுள் என்ன சொன்னார், இயேசு என்ன செய்தார் என்பதற்குக் கதாசிரியர் சாட்சி ஆகமாட்டார். அவர் அங்கே இருந்தவரும் இல்லை, இருந்தவர்களிடம் கேட்டவரும் இல்லை.

"எது வேதத்துல இருக்கு, எது கதையில சேர்த்ததுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதைத்தான் எல்லாரும் கடைசியில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்க வேண்டியது என்பேன்.

போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மண்டபத்தில் ஒரு பயிற்சி செய்தோம். பத்துப் பதினைந்து பெண்கள். இயேசு பிறப்பை நினைவிலிருந்து எழுதச் சொன்னேன். எல்லாரும் எழுதினார்கள்: மரியா கழுதையில் ஏறிப் போனார், சத்திரக்காரன் கதவைச் சாத்தினான், மாடும் கழுதையும் மூச்சுவிட்டுக் குளிர் போக்கின, மூன்று அரசர்கள் வந்தார்கள். பிறகு லூக்கா 2-ஐயும் மத்தேயு 2-ஐயும் சத்தமாக வாசித்தோம். கழுதை இல்லை. சத்திரக்காரன் இல்லை, விடுதியில் இடம் கிடைக்கவில்லை என்ற ஒரு வரிதான். மாடு இல்லை. கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்று இருக்கிறது, மூன்று பேர் என்று இல்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாகிவிட்டது. கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் பல நூற்றாண்டு கழித்து வந்தவை. கருவாட்டுக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்திருந்த ஒரு அக்கா, லூக்கா 2-ஐ இரண்டு முறை விரல் வைத்துத் தேடினார். "மாட்டைக் காணமே டீச்சர்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, நிஜமாகவே ஒரு மாட்டைத் தொலைத்தவர் போல.

ஏதேனில் ஏவாள் பறித்தது ஆப்பிள் என்றோ, பவுல் தமஸ்கு வழியில் குதிரையிலிருந்து விழுந்தார் என்றோ விவிலியம் சொல்லவில்லை. மரியாவின் பெற்றோர் சுவக்கின், அன்னம்மாள் என்ற பெயர்கள் 2-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து வருகின்றன. சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் வரும் வெரோணிக்கா நான்கு நற்செய்தியிலும் இல்லை. இவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. திருச்சபை அன்னம்மாளுக்குத் திருநாள் கொண்டாடுகிறது, நானும் சிலுவைப் பாதை செய்கிறேன். எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். வழி ஒன்றுதான்: நாவலில் ஒரு காட்சி மனதைத் தொட்டால், அதே ராத்திரி அந்தப் பகுதியை விவிலியத்தில் எடுத்து வாசியுங்கள். பவுல் சொன்னதைக்கூட அப்படியே விழுங்காமல் தினமும் மறைநூலில் தேடிப் பார்த்தவர்கள் என்று பெரோயா ஊர்க்காரர்களைத் திருத்தூதர் பணிகள் 17:11 பாராட்டுகிறது.

"ஞானசௌந்தரிக்குத் திருநாள் என்னைக்கு வருது? காலண்டர்ல காணோமே?"

இதைக் கேட்டவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. சின்ன வயதில் ஊரில் போட்ட நாடகம் பார்த்தவர். 1948-ல் வந்த படத்தையும் பார்த்தவர். "அருள் தாரும் தேவமாதாவே" பாட்டை முழுதாகப் பாடிக் காட்டினார். சிற்றன்னை கொடுமையால் கை வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட இளவரசிக்கு மாதா கை கொடுத்த கதை அது. ஞானசௌந்தரி புனிதை என்றே அவர் எழுபது வருடமாக நம்பியிருக்கிறார்.

அப்படி ஒரு புனிதை இல்லை. கை இழந்த பெண்ணின் கதை ஐரோப்பாவில் பல நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வந்தது. கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மன் கதைகளிலும் அது உண்டு. கடல் தாண்டி வந்து நம் நாடக மேடையில் தமிழ்ப் பெண்ணாகிவிட்டது. இதைப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை. கடைசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நான் அவகிட்ட வேண்டினதெல்லாம்?" என்று கேட்டார். நீங்கள் வேண்டியது மாதாவிடமும் மாதா வழியாக ஆண்டவரிடமும்தானே பாட்டி, அது போய்ச் சேர்ந்திருக்கும் என்றேன். அதை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. எழுபது வருடத்தில் எங்களில் ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. பிடித்த கதையைப் பிடித்தபடியே விட்டுவிடுவது அன்பு என்று நினைத்திருந்தோம்.

"நீங்க சொல்றத பார்த்தா நம்ம சந்தியாகப்பர் குதிரையும் கதைதானா?"

குதிரை, ஆம். சந்தியாகப்பர், இல்லை. செபதேயுவின் மகன் யாக்கோபுதான் நம் சந்தியாகப்பர். நற்செய்தியில் அவரை முதன்முதலில் பார்க்கும்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் தெரியுமா? அப்பாவோடும் தம்பி யோவானோடும் படகில் உட்கார்ந்து வலை பழுது பார்க்கிறார் (மத்தேயு 4:21). நம் ஆட்கள் தினமும் சாயங்காலம் கரையில் செய்யும் அதே வேலை. பிறகு ஏரோது அவரை வாளால் கொன்றான் (திருத்தூதர் பணிகள் 12:2). விவிலியத்தில் அவருக்குக் குதிரை கிடையாது.

குதிரை ஸ்பெயினிலிருந்து வந்தது. அங்கே ஒரு போரில் அவர் வெள்ளைக் குதிரையில் தோன்றிச் சண்டை போட்டார் என்று கதை கட்டினார்கள். அந்தக் கதையில் குதிரையின் காலடியில் விழுகிறவர்கள் முஸ்லிம்கள். தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயில் திருவிழா ஜூலை 25-ஐ ஒட்டி நடக்கும்போது நம்மோடு இந்துக்களும் முஸ்லிம்களும் நேர்ச்சையோடு வருகிறார்கள். அவர்களும் அந்தத் தேருக்குக் கும்பிடு போடுகிறார்கள். நம் கரை மக்கள் அந்தச் சண்டைக் கதையை வாங்காமல் சந்தியாகப்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு.

ஓரியூரையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். போர்த்துக்கல்லிலிருந்து வந்த மறைபரப்பாளர் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4-இல் அங்கே தலை வெட்டப்பட்டது வரலாறு. முந்தின நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் இரத்தம் பட்டு அந்த மண் சிவந்தது என்பது மக்களின் பக்தி. செம்மண் எடுத்து வந்து வீட்டில் வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பிள்ளைகளுக்கு அந்தக் கடிதத்தையும் சொல்லிக் கொடுங்கள். சாவு வருகிறது என்று தெரிந்தும் சந்தோசமாக எழுதிய ஒரு மனிதரை அதில்தான் பார்க்க முடியும்.

"'டாவின்சி கோட்' படிச்சேன் டீச்சர். இயேசு மகதலா மரியாவைக் கட்டிக்கிட்டார்னு ஆதாரத்தோட போட்டிருக்கே?"

கல்லூரிப் பிள்ளைகள் அதிகம் கேட்பது இது. 2003-ல் வந்த நாவல். முதல் பக்கத்திலேயே 'உண்மை' என்று தலைப்புப் போட்டு, 1099-ல் தொடங்கிய ஒரு ரகசியச் சங்கம் நிஜமானது என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் பிரான்சில் ஒரு சங்கம் பதிவானது 1956-ல். அதை நடத்தியவர் பழைய காகிதம் போலப் பொய்ப் பத்திரங்கள் தயாரித்துப் பாரிஸ் தேசிய நூலகத்தில் வைத்தது பின்னால் அம்பலமானது. நாவலின் அஸ்திவாரமே அதுதான்.

திருமணத்துக்கு நாவல் காட்டும் ஆதாரம் 'பிலிப்பு நற்செய்தி' என்ற நூல். அது 1945-ல் எகிப்தின் நாக் அம்மாடியில் கிடைத்த ஏடுகளில் ஒன்று. எழுதப்பட்டது மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. இயேசு மரியாவுக்கு முத்தம் கொடுத்ததாகச் சொல்லும் வரியில், எங்கே என்ற சொல் இருக்கும் இடம் சிதைந்து போயிருக்கிறது. அந்த ஓட்டையில்தான் கல்யாணம் கட்டியிருக்கிறார்கள். அந்த நூலிலும் திருமணம் என்று நேராக இல்லை.

325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் வாக்கெடுத்து இயேசுவைக் கடவுளாக்கினார்கள், அதுவும் நெருக்கமான வாக்கு என்றும் நாவல் சொல்கிறது. அங்கே நடந்த விவாதம் வேறு. மகன் தந்தையோடு ஒரே இயல்பு கொண்டவரா, தந்தையால் படைக்கப்பட்டவரா என்பதே ஆரியு என்ற குருவோடு நடந்த வழக்கு. முடிவில் கையெழுத்துப் போட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர். அதற்கும் 200 வருடம் முன்னால், 112 வாக்கில், பிளினி என்ற ரோமை ஆளுநர் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள் என்று புகார் சொல்கிறார். அவர் நம் ஆள் இல்லை, விசாரித்துத் தண்டனை கொடுத்தவர். அவருடைய சாட்சி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஒன்றை நாமும் ஒத்துக்கொள்ள வேண்டும். மகதலா மரியாவைப் பாவிப் பெண் என்று பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். லூக்கா 8:2 அவரிடமிருந்து ஏழு பேய்கள் நீங்கின என்று மட்டும் சொல்கிறது. 591-ல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஒரு மறையுரையில் அவரையும் லூக்கா 7-இல் வரும் பாவிப் பெண்ணையும் ஒருவராக்கிப் பேசினார். அது 1,300 வருடத்துக்கு மேல் நின்றது. 1969-ல்தான் வழிபாட்டு நாள்காட்டி அதைத் திருத்தியது. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு சொன்ன சாட்சியை நாமே ஒரு கதைக்குள் தள்ளியிருந்தோம். நாவலாசிரியர் மேல் கோபப்படும்போது இதையும் நான் நினைத்துக்கொள்வேன்.

"அதான் அந்தப் படத்தைத் தடை பண்ணாங்களே, அப்படியே எல்லாத்தையும் தடை பண்ணிரலாமே?"

2006-ல் 'டாவின்சி கோட்' நாவல் படமாக வந்தபோது தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. திருச்சபையே தான் வைத்திருந்த தடை நூல் பட்டியலை 1966-ல் கைவிட்டது. என் அபிப்பிராயத்தில் தடை போட்டால் பிள்ளைகள் ரகசியமாகப் படிப்பார்கள், சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்காது. அந்த நாவல் என் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் போகிறவர்களிடம் படித்து முடித்ததும் வந்து பேசச் சொல்வேன்.

"உலக முடிவு பத்தி ஒரு கதை படிச்சதுலேர்ந்து தூக்கமே வரல. ஆதார் கார்டுதான் 666-ஆ?"

இல்லை. திரும்பவும் சொல்கிறேன், இல்லை.

இப்படிப்பட்ட கதைகளில் உலகெங்கும் பரவியது 1995-ல் தொடங்கி 16 பாகமாக வந்த 'லெப்ட் பிஹைண்ட்' என்ற அமெரிக்க நாவல் வரிசை. ஒரு நொடியில் நல்லவர்கள் எல்லாரும் மறைந்துவிடுவார்கள், உடுத்திய துணி மட்டும் கிடக்கும், மற்றவர்கள் கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்துவிடம் மாட்டுவார்கள். பெந்தெகொஸ்தே நண்பர்கள் இதை இரகசிய வருகை என்பார்கள். இந்த வடிவில் அதைப் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் நெல்சன் டார்பி. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் புராட்டஸ்டண்டு சபைகளில் பலரும் இதை ஏற்பதில்லை. நண்பர்கள் நல்ல மனதோடுதான் நம்புகிறார்கள், அவர்களைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் அது ஒரு விளக்கம், அதன் மேல் கட்டியது நாவல். நாவலின் விமானமும் ஹெலிகாப்டரும் விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் இல்லை. அந்த நூலில் கொடிய விலங்கின் எண்ணாக வரும் 666 என்பது எபிரேய எழுத்துக் கணக்கில் நீரோ மன்னனின் பெயர் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கிறிஸ்தவர்களைக் கொன்ற ஒருவனைப் பெயர் சொல்லாமல் சொன்ன வழி.

இரகசிய வருகைக்கு ஆதாரமாகக் காட்டும் இடம் 1 தெசலோனிக்கர் 4:17. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: இந்த வார்த்தைகளைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் பவுல். செத்துப்போன சொந்தக்காரரை நினைத்து அழுதவர்களுக்கு எழுதிய ஆறுதல் அது. அதைப் படித்து உங்களுக்குத் தூக்கம் போகிறது என்றால் நடுவில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். நாளும் வேளையும் மகனுக்கே தெரியாது என்று மாற்கு 13:32-ல் ஆண்டவரே சொல்லிவிட்டார்.

நம் கரையில் இந்தப் பயம் சீக்கிரம் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் ஊரையும் ரயிலையும் கொண்டுபோனது. அங்கே பாவம் மிகுந்ததால் கடவுள் அழித்தார் என்று கதை சொல்கிறவர்கள் உண்டு. இடிந்து நிற்கும் கோயில் சுவரைக் காட்டியே சொல்வார்கள். அந்தக் கோயிலில் பூசை கண்டவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, "இல்லை" என்று பதிலையும் சொன்னவர் இயேசு (லூக்கா 13:4-5).

"இது கதை இல்ல டீச்சர், மோட்சத்துக்கே போயிட்டு வந்தவங்க எழுதினது. இதையாச்சும் நம்பலாமா?"

2010-ல் அமெரிக்காவில் அப்படி ஒரு புத்தகம் வந்தது. விபத்தில் கோமாவில் கிடந்த சிறுவன் மோட்சம் கண்டு வந்தான் என்று. அமோகமாக விற்றது. 2015-ல் அந்தப் பையனே, நான் சாகவும் இல்லை, மோட்சத்துக்குப் போகவும் இல்லை, கவனம் கிடைக்கும் என்று சொன்னேன் என்று எழுதினான். விவிலியத்தைப் படியுங்கள், அது போதும் என்றும் சேர்த்துச் சொன்னான். பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. எத்தனை பெரியவர்கள் சுற்றி நின்று நம்பியிருப்பார்கள்!

எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பவுல் விண்ணகம் வரை எடுக்கப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதும்போது, அங்கே கேட்டவை மனிதர் சொல்லக் கூடாதவை என்று நிறுத்திக்கொள்கிறார் (2 கொரிந்தியர் 12:4). அவரே நிறுத்திய இடத்தில் 200 பக்கம் எழுதுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

"சரி, காட்சி கண்ட புண்ணியவதிகள் எழுதினது? அதுல ஆயர் அனுமதின்னு முத்திரையே இருக்கே?"

அந்த அனுமதிக்கு அர்த்தம், இதில் விசுவாசத்துக்கோ ஒழுக்கத்துக்கோ எதிரானது இல்லை என்பது. இதில் உள்ள ஒவ்வொரு சம்பவமும் நடந்தது என்று ஆயர் உறுதி கொடுக்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட காட்சிகள்கூட விசுவாசக் கருவூலத்தைச் சேர்ந்தவை அல்ல, கிறிஸ்துவின் வெளிப்பாட்டை முழுமையாக்குவது அவற்றின் வேலையும் அல்ல என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி எண் 67 சொல்கிறது. இத்தாலியில் மரிய வால்தோர்த்தா இயேசுவின் வாழ்க்கையை நாள் நாளாகக் கண்டதாக எழுதிய பெரிய காவியம் பலருக்கு உயிர். 1959-ல் அது தடைப் பட்டியலில் போடப்பட்டது. பட்டியல் இப்போது இல்லை என்று முன்னாலேயே சொன்னேன். ஆனால் பட்டியல் போனதால் புத்தகம் நற்செய்தி ஆகிவிடாது. ஞாயிறு வாசகத்துக்குப் பதிலாக அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேரும் செபக் குழு) அதை வாசித்தபோது நான் எழுந்து மறுத்தேன். சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

"தேம்பாவணி கூட அப்படித்தானே? அதை மட்டும் ஏன் தலையில வச்சுக் கொண்டாடறீங்க?"

நல்ல கேள்வி. கேட்ட தம்பி தமிழ் இலக்கியம் படிக்கிறார். வீரமாமுனிவர் 1726-ல் முடித்த தேம்பாவணியின் நாயகன் வளனார், அதாவது இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். மொத்தம் 3,615 பாடல். நற்செய்திகளில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. அப்படியென்றால் காவியத்தில் எவ்வளவு விவிலியத்துக்கு வெளியே இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகிர்தா மரியா என்ற ஸ்பெயின் கன்னியாஸ்திரியின் காட்சி நூலையும் அவர் பயன்படுத்தினார்.

எச்.ஏ. கிருட்டிணப்பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட கதையைத் தழுவியது. அதில் வரும் ஆட்களுக்குப் பெயரே குணங்களின் பெயர். இது உருவகம் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். தேம்பாவணியும் செய்யுளில், நாடு நகரப் படலத்தோடு, காப்பிய இலக்கணப்படி வருகிறது. இது காப்பியம் என்று அதன் சட்டையே சொல்கிறது. நான் பயப்படுவது, வரலாறு போலச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற கதையைப் பார்த்துத்தான். தேம்பாவணியைப் பாடுங்கள். சூசையப்பரைப் பற்றி வகுப்பெடுக்கும்போது மத்தேயுவிலிருந்து எடுங்கள்.

"கதை படிச்சுத்தான் எனக்கு செபிக்கவே வந்துச்சு. அதுவும் பொய்யா டீச்சர்?"

இதைக் கேட்டவர் வீட்டுக்காரரைக் கடலில் பறிகொடுத்தவர். படகு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. இரண்டு வருடம் கோயில் வாசல் மிதிக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகள் 2007-ல் வந்த 'தி ஷாக்' நாவலை ராத்திரி ராத்திரி தமிழில் சொல்லிக் காட்டியிருக்கிறாள். மகளைக் கொலைக்குப் பறிகொடுத்த ஒரு அப்பாவிடம் கடவுள் ஒரு கறுப்பினத் தாயின் உருவில் வந்து பேசும் கதை. "அந்தக் கடவுள் சோறு ஆக்கிப் போடுது டீச்சர்" என்றார். அந்த ராத்திரிதான் திரும்பவும் செபிக்க வாய் வந்ததாம்.

பொய் என்று எப்படிச் சொல்வேன்? தாவீதுக்கு ஆட்டுக்குட்டிக் கதை செய்ததை இவருக்கு அது செய்திருக்கிறது. ஆனால் அந்த நாவலில் தமத்திரித்துவத்தை (தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை) பற்றியும் தீர்ப்பைப் பற்றியும் வருகிற பேச்சுகளில் இறையியலாளர்கள் பலர் குறை கண்டிருக்கிறார்கள், எனக்கும் சில இடம் ஒப்பவில்லை. அதனால் அதிலேயே அவரை விட்டுவிட மனம் இல்லை. எசாயா 49:15-ஐ எடுத்து வைத்தேன், தாய் தன் பிள்ளையை மறந்தாலும் நான் மறக்கமாட்டேன் என்ற இடம். பிறகு 66:13, தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன் என்பது. "இது இங்கேயே இருக்கா?" என்று கேட்டு, விரலை எடுக்காமல் இரண்டு முறை வாசித்தார்.

அடுத்த வாரம் நானாகவே ஒரு தப்புச் செய்தேன். கடலில் போனவர்களின் பாட்டு என்று திருப்பாடல் 107-ஐக் கொடுத்தேன். புயல் அடங்கி அவர்கள் விரும்பிய துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். "எங்க வீட்டுக்காரரைச் சேர்க்கலையே டீச்சர்." எனக்குப் பதில் இல்லை. நாவலாக இருந்தால் அந்த இடத்தில் யாராவது அழகாக ஒரு பதில் சொல்லியிருப்பார்கள். நான் பக்கத்தைத் திருப்பி 88-க்குப் போனேன். முதலிலிருந்து கடைசி வரை அழுகை. முடிவில் ஆறுதல் வராது, கடைசிச் சொல் இருள்தான். அதையும் மறைநூலில் வைத்திருக்கிறார்கள். அவர் அதை மெதுவாக, எழுத்துக் கூட்டி, முழுதும் வாசித்தார். வாசித்துவிட்டு, "இதை எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

மகளின் நாவலை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். போகும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். விவிலியத்தையும் கேட்டு எடுத்துப் போனார், 88-ஆம் பாட்டில் மீன் ஏலச் சீட்டு ஒன்றை அடையாளம் வைத்து.